தூங்க விடாத சீட்டு

நான் பொய்யே சொல்லாத ஆளுன்னு சொல்லிக்க மாட்டேன். லீவு லெட்டர்ல எங்க மாமனாரை மட்டும் மூணு தடவை சாகடிச்சிருக்கேன். மனுஷன் இன்னும் கல்லு மாதிரி இருக்காரு. ஆனா இப்போ எழுதப் போறதுல ஒரு வரி கூட பொய் கிடையாது. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, "போய் வேலையப் பாருய்யா"ன்னு எழுந்து போயிடுற ஆளு நான். இன்னிக்கும் எனக்கு அதுல நம்பிக்கை இருக்கா இல்லையான்னு கேட்டா, பதில் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுறேன். டைம் எல்லாம் கரெக்டா எழுதுறேன், ஏன்னா அன்னிக்கி நான் வாட்சைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

எம் பேரு பொன்னுரங்கம். கச்சிராயபாளையத்துலேர்ந்து கோமுகி டேமுக்குப் போற வழியில எங்க வீடு. சர்க்கரை ஆலையில ஃபிட்டர் வேலை. வாசல்ல நின்னா கல்வராயன் மலை எதிர்லயே தெரியும். அந்த மலை ரோட்டு வளைவுங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆசைதான். ரெண்டே சீட்டு, கூரை இல்லாத வண்டி, பக்கத்துல என் பொண்டாட்டி கண்ணகி. வெள்ளிமலை வரைக்கும் ஒரு தடவை ஏறி இறங்கணும். பைத்தியக்கார ஆசைதான், வுடுங்க. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். புள்ளை குட்டி இல்ல. அவ சிரிச்சா எனக்கு அன்னிக்கி சோறு இறங்கும், அவ்ளோதான் என் வாழ்க்கை.

கோயம்புத்தூர்ல ஒருத்தர், வெளிநாட்டு ரேஸ் காரைப் பார்த்து அச்சு அசலா பைபர்ல பாடி செஞ்சு, துண்டு துண்டா பெட்டியில போட்டு அனுப்புறாருன்னு பேப்பர்ல சின்னதா ஒரு விளம்பரம் வந்துச்சு. எழுதிப் போட்டேன். எண்பத்தெட்டு ஜனவரியில கள்ளக்குறிச்சி லாரி ஆபீஸுக்கு வந்து சேர்ந்துச்சு. மூக்கு ஒரு துண்டு, முதுகு ஒரு துண்டு, கதவு ரெண்டு, இரும்புச் சட்டம் ஒண்ணு. கூடவே எந்த நட்டு எங்க போடணும்னு படம் போட்ட ஒரு இங்கிலீஷ் புஸ்தகம். டிராக்டர் டிரெய்லர்ல ஏத்திக்கினு தெருவுக்குள்ள வந்தேன். "இன்னாங்க, இம்மாம் பெரிய சோப்பு டப்பா வாங்கியாந்துட்டீங்க?"ன்னு கண்ணகி வாசல்லயே கேட்டா. தெருவே சிரிச்சுது. அன்னிலேர்ந்து என் வண்டிக்குப் பேரே சோப்பு டப்பா.

இஞ்சின், கியர் பாக்ஸ், அச்சு, ஸ்டியரிங், சீட்டு... இதெல்லாம் பெட்டியில வராது. ஒரு பழைய காரைப் பிரிச்சு நாமதான் எடுத்துப் போட்டுக்கணும். விசாரிச்சதுல வடக்கனந்தல்ல ஒரு கார் இருக்குன்னு சொன்னாங்க. போய்ப் பார்த்தேன். கரும்புக் கொல்லை ஓரமா ஒரு கொட்டாய்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. டயர் இறங்கி, மேல பூரா தூசி. ஆனா இஞ்சின் நல்ல இஞ்சின். சீட்டு ரெக்ஸின் கூட கிழியல.

"எங்க அண்ணன் வண்டிப்பா"ன்னார் வீட்டுக்காரர். "அவரு இப்போ ஓட்றதில்ல."

"எத்தினி நாளா நிக்குது?"

"மறியல் அப்போ நின்னது. அப்பாலிக்கி யாரும் தொடல."

மறியல்னா, எண்பத்தேழு செப்டம்பர்ல இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்துச்சே, அது. ரோட்டோரப் புளியமரத்தை எல்லாம் வெட்டிக் குறுக்க போட்டு, நம்ம பக்கம் ஒரு சைக்கிள் கூட போக முடியாம கிடந்துச்சு. அந்த வாரத்துல நின்னுபோன வண்டிங்க ஊருக்கு ஊரு இருந்துச்சு. அதனால நான் மேல எதுவும் கேக்கல. அவர் மட்டும் வண்டி பக்கத்துலயே வரல. பத்தடி தள்ளியே நின்னார். சாவியை என் கையில குடுக்காம கீழ மண்ணுல வச்சுட்டு, "நீயே எடுத்துக்கப்பா"ன்னார். பெரிய மனுஷன், குனிஞ்சு வைக்கிறாரே, ஒரு மாதிரி ஆளு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

வீட்டுக்குப் பக்கத்துல தகரக் கொட்டாய் போட்டு வேலையை ஆரம்பிச்சோம். "சோம்"னா நானும் மார்ட்டினும். மார்ட்டின் எங்க ஆலையில வெல்டர். ஐ.டி.ஐ.யில என்கூடப் படிச்சவன். புஸ்தகத்தைப் படிச்சு அர்த்தம் சொல்றது அவன் வேலை, நட்டு முறுக்குறது என் வேலை. ஷிப்ட் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை பூரா. ஜூலைக்குள்ள சட்டத்துல இஞ்சின் உக்காந்துருச்சு. ஆகஸ்ட்ல சீட்டு ரெண்டையும் மாட்டினோம். பெட்டியில சீட்டு வராததால பழைய கார் சீட்டையே மாட்டினோம்.

முதல்ல நடந்தது அப்போதான்.

ஆகஸ்ட் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மதியம் 2.40. நான் வண்டிக்குப் பின்னாடி, தரையில மல்லாக்கப் படுத்துக்கினு அச்சு போல்ட்டை முறுக்கிக்கிட்டு இருக்கேன். மார்ட்டின் கறிச்சோறு சாப்பிட்ட மயக்கத்துல இடது பக்கத்து சீட்டுல சாய்ஞ்சு குறட்டை விட ஆரம்பிச்சான்.

பளார்!

"எவன்டா அது!"ன்னு கத்திக்கிட்டே எழுந்து குதிச்சான். நான் வண்டிக்கு அடியிலேர்ந்து தலையை நீட்டினேன். வலது கன்னத்தைப் பிடிச்சுக்கினு நிக்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருக்கு.

"இன்னாடா வெளையாட்டு இது? இப்டியா அறைவ?"

"டேய், நான் இங்க கீழ கிடக்கேன்டா."

கையை எடுத்தான். கன்னத்துல நாலு விரல் பதிஞ்சிருந்துச்சு. பெரிய கை. என் கையை விடப் பெருசு. என் கையெல்லாம் கிரீஸு, அவன் கன்னத்துல ஒரு பொட்டு கிரீஸ் இல்ல. மார்ட்டின் கழுத்துல இருந்த ஜெபமாலையைத் தொட்டுக்கினான். அன்னிக்கி அப்படியே சைக்கிளை எடுத்துக்கினு போயிட்டான். அடுத்த வாரம் வந்தான், ஆனா அதுக்கப்புறம் அவன் அந்த சீட்டுல உக்காரவே இல்ல. நான்தான் அவனை மாசம் பூரா கிண்டல் பண்ணேன். "கொசு அடிச்சா கூட மார்ட்டினுக்கு விரல் பதியும்"னு ஆலை பூரா சொல்லிச் சிரிச்சேன்.

ரெண்டாவது, அக்டோபர்ல. விடியக்காலை அஞ்சு மணி இருக்கும். கண்ணகி வாசல் தெளிக்கப் போனவ திரும்பி வந்து என்னை எழுப்பினா.

"ஏங்க, இங்கயா படுத்துக்கினு இருக்கீங்க?"

"பின்ன எங்க படுப்பாங்க?"

"கொட்டாய்ல யாரோ பேசிக்கினு இருந்தாங்க. நீங்கன்னு நெனச்சேன்."

"இன்னா பேசினாங்க?"

"தூங்காதன்னு சொன்ன மாதிரி இருந்துது"ன்னா.

போய்ப் பார்த்தேன். கொட்டாய்ல யாரும் இல்ல. பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும்னு சொல்லிட்டு மறுபடியும் படுத்துட்டேன்.

மூணாவது நடந்தப்போதான் என் கிண்டல் நின்னுச்சு. நவம்பர்ல வண்டி ஓடுற நிலைமைக்கு வந்துருச்சு. ஒரு ஹெட்லைட் தான் எரியுது, ஹாரன் மாட்டல, மழைக்கு மேல் துணி இல்ல. ஆனா ஓடுது. வண்டி மொத்த எடை தெரிஞ்சாதான் ஸ்பிரிங் செட் பண்ண முடியும்னு புஸ்தகத்துல போட்டிருந்துச்சு. எடைக்கு நமக்கா பஞ்சம்? ஆலையில கரும்பு லோடு நிறுக்கிற எடைமேடை இருக்கே. சாயங்காலம் 6.50க்கு, ரெண்டு லோடுக்கு நடுவுல வண்டியை மேடை மேல ஏத்தினேன்.

எடை போடுற கொளஞ்சியப்பன் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்திருந்தார். நான் வண்டியில இருக்கும்போது 690 கிலோ. என் எடை அறுபத்தி நாலு. இறங்கிப் போய் ரூம் ஜன்னல்ல நின்னேன். முள்ளு 690லயே நின்னுது.

"டிரைவரை எறங்கச் சொல்லுப்பா"ன்னார்.

"நான்தாங்க டிரைவர். எறங்கிட்டேனே."

கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி வழியா வண்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சது காலி வண்டிதான். அவருக்கு என்ன தெரிஞ்சுதோ, இன்னிக்கி வரைக்கும் சொல்லல. எங்க கண்ணு முன்னாடியே முள்ளு ஆடிச்சு... மெதுவா எறங்கிச்சு... 625.

ஒரு ஆளு வண்டியிலேர்ந்து இறங்கினா எப்படி எறங்குமோ, அப்படி.

"எடுத்துக்கினு போ"ன்னார். எடைச்சீட்டு எழுதவே இல்ல.

அன்னிக்கே வண்டியைப் பிரிச்சுப் போட்டிருக்கணும். பத்து மாச வேலை, மனசு வரல. எடைமேடை ரிப்பேர்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கண்ணகிகிட்ட மூச்சு விடல. அவகிட்ட சொன்னா மலைக்கு வர மாட்டாளேன்னு ஒரு அல்பத்தனம்.

அதுக்கு ஒம்பதாவது நாள் அது நடந்துச்சு.

முந்தின நாள் பூரா மழை. இட ஒதுக்கீடு கேட்டு மறுநாள் இன்னொரு பந்த். சாயங்காலமே பஸ்ஸு, லாரி எல்லாம் நின்னுபோச்சு. ஓடு ஒழுகி கட்டில் நனைஞ்சதால கண்ணகி தரையில பாயைப் போட்டுப் படுத்தா. நான் பெஞ்சுல படுத்தேன்.

விடியக்காலை 3.25க்கு என்னை எழுப்பினா. வயித்து வலின்னா. சுருண்டு சுருண்டு படுத்தா. ஓமத் தண்ணி வச்சுக் குடுத்தேன். வாந்தி எடுத்தா. ராத்திரி சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு சேரலன்னு நெனச்சேன். எங்க பக்கம் வயித்து வலின்னா ஓமத் தண்ணி, அப்புறம் ஒரு தூக்கம். அதுக்கு மேல யாரும் யோசிக்க மாட்டாங்க. நானும் யோசிக்கல.

3.50க்கு, "கண்ணு தொறக்க வரலீங்க..."ன்னா. இமை ரெண்டும் பாதியில நிக்குது. விரலால தூக்கிப் பார்க்கிறா, மறுபடியும் விழுது. பேச்சு குழறுது.

பஸ் கிடையாது. ஊர்ல இருந்த ஒரே டாக்சியும் கள்ளக்குறிச்சியில மாட்டிக்கிச்சு. மார்ட்டின் நைட் ஷிப்ட்ல இருந்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர், சைக்கிள்ல கொண்டு போக முடியாது. மிச்சம் இருந்தது சோப்பு டப்பாதான்.

சத்தியமா சொல்றேன், அந்த இடது சீட்டுல அவளை உக்கார வைக்கும்போது மார்ட்டின் கன்னம்தான் ஞாபகம் வந்துச்சு. வேற வழி இல்ல. கம்பளியைப் போத்தி, புடவையால சீட்டோட சேர்த்துக் கட்டினேன். 4.15க்கு வண்டியை எடுத்தேன்.

மழை விட்டிருந்துச்சு. இருட்டு. ஒத்த ஹெட்லைட். ரெண்டு பக்கமும் கரும்பு. ரோட்டுல ஒரு ஜீவன் இல்ல.

கச்சிராயபாளையம் தாண்டினதும் அவ தலை தொங்கிச்சு.

"தூக்கமா வருதுங்க..."

"தூங்கு கண்ணகி. தூங்கினா வலி தெரியாது. அரை மணி நேரத்துல போயிடலாம்"னேன்.

பளார்!

என் பக்கத்துலதான் கேட்டுச்சு. அவ தலை ஆடிச்சு. கண்ணை அரையா தொறந்தா.

"ஏங்க அடிக்கிறீங்க?"

என் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சு.

ஆக்சிலேட்டரை மிதிச்சேன். 4.31. மறுபடியும் அவ கண்ணு மூடிச்சு. மறுபடியும் பளார். அவ அழுதா. சத்தம் போட்டு அழக்கூட அவளால முடியல.

"அடிக்காதீங்க... நான் இன்னா பண்ணேன்..."

என் பொண்டாட்டியை என் கண்ணு முன்னாடி எதுவோ அடிக்குது. எனக்கு அது கண்ணுல தெரியல. கல்யாணமாகி எட்டு வருஷத்துல நான் அவ மேல கை வச்சது கிடையாது. வண்டி ஓட்டிக்கிட்டே நான் அழுதுட்டேன்.

4.38. வண்டி ரெண்டு தடவை இருமிச்சு. நின்னுபோச்சு.

பெட்ரோல் பைப்ல தண்ணி. பைப்பைக் கழட்டி ஊதினா சரியாயிடும். அந்த வண்டியில பானெட் தனியா கிடையாது. முன்னாடி மூக்கு மொத்தத்தையும் தூக்கி நிறுத்தணும். தூக்கி நிறுத்தினா சீட்டுல யாரு இருக்கான்னு தெரியாது. சுவர் மாதிரி மறைச்சுடும்.

மூக்கைத் தூக்கினேன். டார்ச்சை வாயில கடிச்சுக்கினேன். பைப்பைப் பிடுங்கினேன்.

பளார்.

அந்தப் பக்கம்.

பளார்.

அப்புறம் ஒரு குரல். ஆம்பளைக் குரல். தொண்டை வறண்ட குரல். அதட்டல் இல்ல... கெஞ்சுற மாதிரி.

"தூங்காத கண்ணு... தூங்காத..."

டார்ச் வாயிலேர்ந்து விழுந்துச்சு.

மூக்கைச் சுத்தி ஓடினேன். டிரைவர் சீட்டு காலி. கண்ணகி தனியா இருந்தா. வலது கன்னம் சிவந்து வீங்கியிருந்துச்சு.

போதும்டா சாமின்னு தோணிச்சு. புடவையை அவிழ்த்தேன். அவளைத் தூக்கினேன். ரோட்டோரமா ஒரு மைல்கல்லுல சாய்ச்சு உக்கார வச்சேன். எதுவா இருந்தாலும் வண்டியோட இருக்கட்டும், அவளைத் தொட வேணாம்.

திரும்ப ஓடி வந்து பைப்பை ஊதினேன். மாட்டினேன்.

அவ அமைதியா இருந்தா. அழல. முனகல. சரி, தூங்கிட்டா, வலி விட்டுருச்சுன்னு எனக்கு நிம்மதியாக் கூட இருந்துச்சு.

4.46.

ஹாரன் அடிச்சுது.

என் வண்டியில ஹாரன் கிடையாது. ஹாரன் வீட்ல, பெட்டிக்குள்ள இருக்கு.

நீளமா... விடாம... கரும்புக் கொல்லை பூரா கேக்கிற மாதிரி...

காதைப் பொத்திக்கினு கண்ணகி பக்கம் திரும்பினேன். இவ்ளோ சத்தத்துக்கும் அவ அசையல.

"கண்ணகி!"

அசையல.

அவ மூக்குல கை வச்சேன். மூச்சு... இருக்கு. ரொம்ப மெதுவா. ஒண்ணு வந்து, அடுத்தது வருமான்னு காத்துக்கிடக்கிற மாதிரி.

ஹாரன் நின்னுது.

அப்போ எனக்கு என்ன தோணிச்சுன்னு இன்னிக்கும் சரியாச் சொல்லத் தெரியல. வெளியில இருந்தா இவ தூங்குறா. தூங்கினா இவ எனக்கு இல்ல. அவ்ளோதான் தோணிச்சு.

தூக்கினேன். அதே சீட்டுல வச்சேன். நானே வச்சேன். கையெடுத்துக் கும்பிட்டேன். யாரைன்னு தெரியாது.

"அடி"ன்னேன். "தூங்க வுடாத."

பளார்.

அவ நெஞ்சு ஏறிச்சு. மூச்சு வந்துச்சு.

மூக்கை இறக்கினேன். வண்டியை எடுத்தேன்.

நான் இடது பக்கம் திரும்பவே இல்ல. ரோட்டை மட்டும் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு ஒரு அறை. சில சமயம் ரெண்டு. எண்ணிக்கிட்டே வந்தேன். இருபத்தி மூணு.

என் தோளுக்குப் பக்கத்துல யாரோ மூச்சு விட்டாங்க.

ஸ்டியரிங் மேல என் கை சில்லுன்னு இருந்துச்சு. என் கை மேல இன்னொரு கை இருந்த மாதிரி.

5.12.

ஆஸ்பத்திரி கேட்டு.

கத்தினேன். ரெண்டு பேர் ஓடி வந்து அவளைத் தூக்கினாங்க. டாக்டர் சின்ன வயசுக்காரர். இமையைத் தூக்கிப் பார்த்தார். "ராத்திரி எங்க படுத்தாங்க? தரையிலயா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். உடம்பு பூரா டார்ச் அடிச்சுத் தேடினார். வலது காதுக்குப் பின்னாடி, முடி ஓரத்துல, ரெண்டு புள்ளி. கொசு கடிச்ச மாதிரி.

"கட்டுவிரியன்"னார். "வலியே தெரியாது. வயித்து வலின்னுதான் எல்லாரும் வருவாங்க."

ஊசி போட்டாங்க. தொண்டையில குழாய் விட்டு பலூனை அமுக்கி அமுக்கி மூச்சு குடுத்தாங்க. நானும் ரெண்டு மணி நேரம் அமுக்கினேன். விடிஞ்சப்புறம் டாக்டர் வெளியில வந்து என் பக்கத்துல உக்காந்தார்.

"வழியில தூங்க விட்டிருந்தா, தூங்குறாங்கன்னே நெனச்சிருப்பீங்க. மூச்சு நின்னது கூட தெரிஞ்சிருக்காது"ன்னார். "கன்னம் ஏன் இப்படி வீங்கியிருக்கு? நீங்க அடிச்சீங்களா?"

"ஆமாங்க"ன்னேன். வேற என்ன சொல்றது?

ஆறு நாள் கழிச்சு கண்ணகி எழுந்து உக்காந்தா. மொதல் வார்த்தையே, "இனிமே அந்த சோப்பு டப்பால ஏற மாட்டேன்"தான். நான் சிரிச்சுக்கினே வெளியில போய் அழுதேன். எட்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டிக்கினு வந்தேன், பஸ்ல.

பத்தாம் நாள் காலையில, பத்து மணிக்கு, வடக்கனந்தலுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கணும்னுதான் போனேன். அவர் இல்ல. இருபது வயசுல ஒரு பொண்ணு வெளியில வந்துச்சு. பேரு செந்தமிழ்ச்செல்வி. வீட்டுக்காரரோட அண்ணன் பொண்ணு.

"அந்த வண்டியில யாரும்மா செத்தாங்க?"ன்னு நேரா கேட்டேன்.

அது என்னை உக்காரச் சொல்லிச்சு. தண்ணி குடுத்துச்சு.

"எங்கப்பாங்க. பேரு கண்ணாயிரம்"னு சொல்லிச்சு. "மறியல் அன்னிக்கி சாயங்காலம் நாலு மணிக்கு கொல்லையில என்னை நல்ல பாம்பு கடிச்சிடுச்சு. அப்பா பாம்ப அடிச்சுப் போட்டுட்டு, என்னை வண்டில போட்டுக்கினு கெளம்பிட்டாரு. பாதி வழில முன்னால மரம் வெட்டிப் போட்டுட்டாங்க. திரும்பினா பின்னாலயும் மரம். நடுவுல மாட்டிக்கினோம். வெட்டினவங்க அப்பால போயிட்டாங்க, எங்க வண்டி நிக்கிறது அவங்களுக்குத் தெரியாது."

"அப்புறம்?"

"பாம்பு கடிச்சவங்களத் தூங்க வுடக் கூடாதுன்னு சொல்வாங்களே... ராத்திரி பூரா அப்பா என்னத் தூங்க வுடல. கண்ண மூடினா அறைவாரு. நடு நடுவுல ஹாரன் அடிப்பாரு, யாராச்சும் வருவாங்களான்னு. எனக்கு ஒரே கோவம். இருட்டுல அவரு மூஞ்சே தெரியல. குரல் மட்டும் கேட்டுக்கினே இருந்துது. விடிஞ்சதும் மரம் வெட்டினவங்களே பாத்துட்டு ஓடியாந்தாங்க. அவங்கதான் மரத்தத் தூக்கிப் போட்டு எங்களக் கொண்டு போனாங்க. எனக்கு வெஷம் கம்மியாதான் ஏறியிருந்துதாம். பொழச்சிக்கினேன்."

"அப்பா?"

"அடிச்சப்பவே பாம்பு அவரையும் கடிச்சிருக்கு. எங்கிட்ட சொல்லவே இல்ல."

"விடியக்காலையிலதான் உயிர் போச்சா?"ன்னு கேட்டேன்.

பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

"ஏழு மணிக்கு ஆஸ்பத்திரில பாத்துட்டு டாக்டர் சொன்னாருங்க... ஒடம்பு மொத்தமா வெறச்சிப் போயிடுச்சி, உசுரு போயி பதினோரு மணி நேரம் ஆச்சின்னு. ராத்திரி எட்டு மணிக்கே செத்துட்டாராம்."

அது நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சு.

"ஆனா என்னை அவரு கடைசியா அறைஞ்சது காத்தால அஞ்சரைக்குங்க."